சென்டர் ஃபீல்டில் யாரை நிறுத்துவது

எமிலியோவின் தாடை உடைந்த சத்தம், பேஸ்பால் மைதானத்தின் ஓரத்தில் பால்துரை உட்கார்ந்திருந்த பலகை வரிசை வரைக்கும் கேட்டது. மட்டையில் பந்து படுகிற சத்தம் மாதிரியே இருந்ததால், அது என்னவென்று முதலில் அவருக்கு விளங்கவில்லை.

சென்டர் ஃபீல்டுக்கும் ரைட் ஃபீல்டுக்கும் நடுவில் விழப்போகிற உயரமான பந்து அது. வலது பக்கத்திலிருந்து எமிலியோ, "என் பந்து, என் பந்து" என்று கத்திக்கொண்டே ஓடி வந்தான். நடுவிலிருந்து டேரல் ஸ்டோக்ஸ் வந்தான். அவன் கத்தவில்லை, வேகத்தையும் குறைக்கவில்லை. கையுறையை நீட்டிப் பந்தைப் பிடித்தான். பிடித்த வேகத்திலேயே தோளைத் திருப்பி எமிலியோவின் முகத்தில் இடித்தான். எமிலியோ மல்லாந்து விழுந்தான். ஸ்டோக்ஸ் பந்தை உள்ளே எறிந்துவிட்டு, கீழே கிடந்தவனைத் தாண்டித் தன் இடத்துக்கு நடந்து போனான்.

பால்துரை ஸ்டாப் வாட்சை நிறுத்தி நோட்டில் எழுதினார். 'முப்பத்தாறு கஜம். நாலு புள்ளி ஆறு வினாடி. பிடித்தான்.' எழுதி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். எமிலியோ ஒருக்களித்துப் படுத்து, வாயிலிருந்து எதையோ உள்ளங்கையில் துப்பிக்கொண்டிருந்தான். பற்கள்.

1987 பிப்ரவரி. டெக்சாஸில் குளிர் விட்டுக்கொண்டிருந்த நேரம். பால்துரை பதினாறு வருடம் எண்ணெய்க் கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவர். பூமிக்குள் எவ்வளவு எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொல்வது வேலை. போன வருடம் எண்ணெய் விலை தரைக்கு வந்தபோது அவருடைய இலாகாவையே மூடிவிட்டார்கள். மனைவி ஜெபராணி ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் டாக்டர் என்பதால் சுகர் லேண்ட் வீடு கையை விட்டுப் போகவில்லை. காலையில் அவள் காரை எடுத்துக்கொண்டு ஃப்ரீவேயில் ஏறிய பிறகு, பால்துரை ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அப்படித்தான் பேஸ்பால் பிடித்துக்கொண்டது. பாளையங்கோட்டையில் கிரிக்கெட் ஆடியவருக்கு ஆட்டம் புரிவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதிலிருந்த எண்கள் அதைவிடச் சீக்கிரம் புரிந்தன.

பக்கத்து ஊரான ஆல்டர் க்ரீக்கில் ரஃப்நெக்ஸ் என்று ஒரு சின்ன லீக் அணி இருந்தது. எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளிகளை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். போன சீசனில் ரஃப்நெக்ஸ் கடைசி இடம். பால்துரை அறுபத்துநாலு ஆட்டத்தின் ஸ்கோர் தாள்களையும் வாங்கி வைத்து அலசி, மேனேஜர் கிரிஃபனுக்கு ஒரு கடிதம் எழுதினார்: 'நீங்கள் பந்து வீச்சில் தோற்கவில்லை. அவுட்ஃபீல்டில், மைதானத்தின் வெளிவட்டத்தில் தோற்றீர்கள். பிடித்திருக்க வேண்டிய தொண்ணூறு பந்துகள் தரையில் விழுந்திருக்கின்றன.'

கிரிஃபன் மறுநாளே போன் பண்ணினார். "பால், நீ எந்த ஊர்க்காரன் என்பது எனக்கு முக்கியமில்லை. சீசன் ஏப்ரலில் ஆரம்பிக்கிறது. வந்து என் பையன்களைப் பார். அவுட்ஃபீல்டில் யாரை எங்கே நிறுத்தலாம் என்று எழுதிக் கொடு."

ஒரு வருடமாக யாரும் அவரிடம் எதையும் எழுதித் தரச் சொல்லவில்லை. பால்துரை அன்று இரண்டு தடவை முகச்சவரம் பண்ணிக்கொண்டார்.

லெஃப்ட் ஃபீல்டைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. அங்கே நின்றவன் மெதுவாக ஓடினாலும் மட்டை பிடித்தால் பந்தை வேலிக்கு வெளியே அனுப்புவான். ரைட் ஃபீல்டில் எமிலியோ. முப்பத்துநாலு வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஆனால் அடிக்கிறவனின் காலைப் பார்த்தே பந்து எங்கே வரும் என்று கண்டுபிடித்து முன்கூட்டியே அங்கே போய் நின்றுகொள்வான். சிக்கல் எல்லாம் சென்டர் ஃபீல்டில்தான். மைதானத்திலேயே பெரிய இடம் அதுதான். அங்கே நிற்கிறவன் ஓடியே சாக வேண்டும். கல்லூரி முடித்து வந்த ப்ரெண்ட் குதிரை மாதிரி ஓடுவான், ஆனால் பந்து எழும்பி ஒரு வினாடி கழித்துத்தான் முதல் அடியை எடுத்து வைப்பான். டேரல் ஸ்டோக்ஸ் மட்டையும் பந்தும் தொடுகிற சத்தத்திலேயே கிளம்பிவிடுவான். அப்படி ஒருவனைப் பால்துரை பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் ஜெபராணி வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"உங்க டீம்லேர்ந்து ஒருத்தன் வந்தான். தாடை ரெண்டு இடத்துல ஃப்ராக்சர். வயர் போட்டிருக்கு. என்னாச்சு?"

"ஆக்சிடெண்ட். பந்தை சேஸ் பண்ணும்போது ரெண்டு பேரும் மோதிக்கிட்டாங்க."

"இன்னொருத்தன் யாரு?"

"ஸ்டோக்ஸ்னு ஒருத்தன். டேரல் ஸ்டோக்ஸ்."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெபராணி குழாயை மூடவில்லை.

"அவனுக்கு அடி படலையா?"

"ஒரு கீறல்கூட இல்லை. ராணி, அவன் ஓடுறதை நீ பாக்கணும். சென்டர் ஃபீல்டுக்கு அவனைத்தான் ரெகமெண்ட் பண்ணலாம்னு இருக்கேன்."

"அவன் வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாம்னா வேண்டாங்க. வேற யாரையாவது செலக்ட் பண்ணுங்க."

"காரணம் சொல்லு. நம்பர்ஸ்ல அவன் பக்கத்துலகூட யாரும் வர முடியாது."

அவள் குழாயை மூடித் துண்டை எடுத்தாள். "ஆஸ்பத்திரில நான் பாக்குறதை வீட்டுல பேச முடியாது. அது உங்களுக்குத் தெரியும். என்னைக் கேக்காதீங்க."

பால்துரைக்குக் கோபம் வந்தது. இந்த ஒரு வேலையாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்றால், அதிலும் இவள் வந்து நிற்கிறாளே என்று நினைத்தார். அவள் சொன்னதில் பாதி அவருக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை என்பதுதான் சரி.

அடுத்த வாரம் அணியை இரண்டாகப் பிரித்து ஒரு பயிற்சி ஆட்டம் வைத்தார்கள். எமிலியோவின் நண்பன் ஒருவன் பந்து வீசினான். ஸ்டோக்ஸ் மட்டையோடு வந்து நின்றதும் முதல் பந்தையே அவன் விலாவில் குத்துகிற மாதிரி எறிந்தான். தாடைக்குப் பதில் அது என்று மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். ஸ்டோக்ஸ் ஒரு நிமிடம் குனிந்து நின்றான். பிறகு மட்டையைக் கீழே போடாமலேயே நடந்து போனான். ஓடவில்லை, நடந்துதான் போனான். பந்து வீசியவன் பின்வாங்கிக் கையைத் தூக்கிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தான். மட்டை அவனுடைய வலது கை விரல்களில் விழுந்தது. அவன் ஊளையிட்டுக்கொண்டு மண்டியிட, ஸ்டோக்ஸ் அவன் தலைமயிரைப் பிடித்து முகத்தை மண்ணில் தேய்த்தான். ஏழெட்டுப் பேர் மேலே விழுந்து இழுத்தார்கள். இழுத்தவர்களில் ஒருவனுக்கு மூக்கு உடைந்தது.

கிரிஃபன் வாயிலிருந்த புகையிலையைத் துப்பிவிட்டுப் பால்துரையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன நினைக்கிறாய்?"

"அந்தப் பையனுடைய விரல்கள்..."

"நான் விரலைப் பற்றிக் கேட்கவில்லை. உன்னை அவுட்ஃபீல்டைப் பார்க்கத்தான் கூப்பிட்டேன். போன வருடம் பத்தொன்பது ஆட்டம் ஒரே ஒரு ரன்னில் தோற்றேன். எனக்குச் சாமியார் வேண்டாம், பால். பந்தைப் பிடிக்கிறவன் வேண்டும். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் என் மேஜையில் இருக்கட்டும்."

பால்துரை வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து டைப் பண்ணினார். பதினோரு பக்கம். ஸ்டோக்ஸைப் பற்றி எழுதிய பத்தியை நாலு தடவை கிழித்துப் போட்டார். ஒருமுறை ப்ரெண்டின் பெயரைப் போட்டுப் பார்த்தார். எண்கள் அவரைப் பார்த்துச் சிரித்தன. பதினாறு வருடத்தில் ஓர் எண்ணைக்கூட அவர் மாற்றி எழுதியது கிடையாது. கடைசியில், 'சென்டர் ஃபீல்டுக்கு ஸ்டோக்ஸ்தான். வேறு யாரை நிறுத்தினாலும் குறைந்தது நாற்பது பந்து தரையில் விழும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெபராணி அதைக் கேட்கவும் இல்லை, அவர் காட்டவும் இல்லை.

மறு வாரம் சனிக்கிழமை மத்தியானம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிற நாள். கிரிஃபன் வரச் சொல்லியிருந்தார். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டுத் தோளில் தட்டி, சீசன் முழுக்கத் தன்னோடு இருக்கும்படி கேட்டார். பால்துரை வெளியே வந்தபோது உடம்பு லேசாக இருந்தது. பார்க்கிங் மண்தரையில் ஏழெட்டு வண்டிகள் நின்றன. அவருடைய காருக்குப் பக்கத்தில் ஒரு பிக்கப் டிரக். அதற்குள் ஒரு பெண் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ்டர் பால்துரை?" என்றாள். பெயரை அவள் சரியாக உச்சரித்ததுதான் அவரை நிற்க வைத்தது. "உங்கள் கையில் இருக்கிற ஃபைலில் பெயரைப் பார்த்தேன். டாக்டர் பால்துரை உங்களுக்கு உறவா?"

"என் மனைவி."

"நான் லோரீன். டேரலின் மனைவி." அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். இடது புருவத்தின் மேல் ஏழு தையல், சிறியதாக, நெருக்கமாக. சுற்றிலும் தோல் மஞ்சளும் பச்சையுமாகக் கிடந்தது. "அழகாகத் தைத்திருக்கிறார் என்று சொல்லுங்கள். அதற்கு முந்தின தடவை விலா எலும்பு. எப்படி ஆனது என்று கேட்டார், நான் படி என்றேன். எங்கள் வீட்டில் படியே கிடையாது. அவருக்கும் தெரிந்திருக்கும். போனால் அடைக்கலம் தருகிற ஓர் இடத்தின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். ஷூவுக்குள் வைத்திருக்கிறேன்."

ரிப்போர்ட்டின் பதினோரு பக்கமும் கண்முன் வந்து போயின. அவர் ஏதாவது சொல்வதற்குள் அவள் கண்ணாடியைச் சட்டென்று இறக்கிக்கொண்டாள்.

ஸ்டோக்ஸ் ஆபீஸ் படியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். கையெழுத்துப் போட்ட தாளைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான். முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. டிரக்கின் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"என்ன பேசினாய் அவனிடம்?"

"ஒன்றுமில்லை. நேரம் கேட்டார்."

"அவன் கையில் வாட்ச் இருக்கிறதே."

கதவைத் திறந்து அவள் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்தான். கறுப்புக் கண்ணாடி எங்கோ தெறித்தது. அவள் தலையைக் கதவு விளிம்பில் ஒரு தடவை மோதினான். இரண்டாம் தடவை மோதியபோது தையல் பிரிந்து ரத்தம் கன்னத்தில் இறங்கியது. அவள் கத்தவில்லை. பழகியவள் மாதிரி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். ஆபீஸ் படியில் கிரிஃபன் நின்றுகொண்டிருந்தார். பால்துரை அவரைப் பார்த்தார். கிரிஃபன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"விடு அவளை" என்றார் பால்துரை. கிட்டே போய் ஸ்டோக்ஸின் சட்டைக் கையைப் பிடித்தார். வாழ்க்கையில் அவர் யாரையும் அடித்ததில்லை. எப்படி அடிப்பது என்றும் தெரியாது. பிடித்ததை விடக்கூடாது என்பது மட்டும்தான் தோன்றியது.

ஸ்டோக்ஸ் மனைவியை உதறிவிட்டு, டிரக்கின் பின்தட்டிலிருந்து மட்டையை எடுத்தான். முதல் அடியைத் தடுக்க பால்துரை இடது கையைத் தூக்கினார். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பும் ஒன்றாக முறிந்தன. மூட்டு இல்லாத இடத்தில் கை மடங்கித் தொங்கியதை அவரே பார்த்தார். இரண்டாவது அடி விலாவில். மூச்சு நின்றுபோனது. விழுந்தார். மூன்றாவது தொடையில். பிறகு பூட்ஸ் காலால் வாயில் ஒரு உதை. மூக்குக் கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல் விட்டது. மண்ணும் ரத்தமும் வாய்க்குள் கரகரத்தன.

"நீதானே என்னைப் பற்றி எழுதினவன்?" என்று ஸ்டோக்ஸ் கேட்டான். மூச்சுகூட வாங்கவில்லை அவனுக்கு. "நல்லபடியாகத்தான் எழுதினாயாம். அதற்காக என் பெண்டாட்டியிடம் பேசலாம் என்று நினைத்துவிட்டாயா?"

அவன் டிரக்குக்கு முதுகைக் காட்டி நின்றான். அவனுக்கு முன்னால் விளக்குக் கம்பம். அதன் அடியில் இடுப்பளவு சிமென்ட் கட்டு. பால்துரை அதற்கும் அப்பால் உருண்டு கிடந்தார். அங்கிருந்து அவருக்கு டிரக்கின் பின்கண்ணாடி தெரிந்தது. லோரீன் திறந்த கதவு வழியாகத் தவழ்ந்து ஏறி, டிரைவர் சீட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தாள். எஞ்சின் உறுமியது.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்கண்ணாடி வழியாக நேராக ஸ்டோக்ஸைப் பார்த்தாள். சத்தம் கேட்டு அவனும் திரும்பினான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பால்துரை எண்ணிப் பழகியவர். முழுசாக இரண்டு வினாடி. டிரக்கின் பின்னால் ரிவர்ஸ் போட்டதற்கான வெள்ளை விளக்குகள் எரிந்தன. வண்டி பின்னால் பாய்ந்தது.

ஸ்டோக்ஸின் வலது கால் பம்பருக்கும் சிமென்ட் கட்டுக்கும் நடுவில் நசுங்கியது. அவன் போட்ட அலறல் மனுஷக் குரலாகவே இல்லை. லோரீன் வண்டியை முன்னால் எடுத்தாள். அவன் கட்டின் மேலிருந்து வழுக்கி விழுந்தான். அவள் நிறுத்தவில்லை. பால்துரையையும் பார்க்கவில்லை. கேட்டைத் தாண்டி ரோட்டில் ஏறிப் போய்விட்டாள்.

ஸ்டோக்ஸ் விழுந்த இடத்திலிருந்து கையால் தரையைப் பிராண்டிக்கொண்டு பால்துரையை நோக்கி ஊர்ந்து வந்தான். தொடையிலிருந்து ரத்தம் பீறிட்டுக்கொண்டிருந்தது. மட்டை அவன் கைக்கு எட்டும் தூரத்தில் கிடந்தது. பால்துரை உடையாத கையால் அதைப் பிடித்து அப்பால் தள்ளினார். அதற்குள் அவன் இவருடைய சட்டைக் கழுத்தைப் பற்றிவிட்டான். பால்துரை தலையைத் திருப்பி அவன் மணிக்கட்டைக் கடித்தார். பற்கள் எலும்பில் படுகிறவரை கடித்தார். விடவே இல்லை. ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்துதான் இரண்டு பேரையும் பிரித்தார்கள்.

ஒரே ஆஸ்பத்திரி, ஒரே எமர்ஜென்சி. நடுவில் ஒரு திரைச்சீலைதான். ஜெபராணி ஓடி வந்து, கணவனின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றி, கண்ணை விரித்துப் பார்த்து, விலாவைத் தொட்டுப் பார்த்தாள். "பேசாதீங்க. உயிருக்கு ஒண்ணுமில்லை" என்றாள். அதே மூச்சில் நர்ஸிடம், "அந்தப் பக்கம் இருக்குறவனுக்கு ஆர்ட்டரி போயிருக்கு" என்று ஆங்கிலத்தில் கத்திக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். முக்கால் மணி நேரம் அவள் திரும்பி வரவில்லை. பால்துரை படுத்துக்கொண்டு அவள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளாம்ப், இன்னொரு கிளாம்ப், ரத்தம் இன்னும் ரெண்டு யூனிட். ஒரு தடவைகூட குரல் தடுமாறவில்லை.

அவள் திரும்பி வந்தபோது முழங்கை வரை சிவப்பாக இருந்தாள்.

"பிழைச்சிட்டானா?" என்றார்.

"பிழைச்சிட்டான். காலைக் காப்பாத்தலாம். ஆனா இனிமே ஓட முடியாது."

"விட்டிருக்கலாம்ல ராணி." உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை குழறியது. "கொஞ்சம் லேட்டா போயிருந்தா..."

வேறு டாக்டர் வந்து அவருடைய எலும்பை இழுத்து நேராக்கும் வரைக்கும், அவள் அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கத்தியபோது அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஒரு டெபுடி வந்தான். லோரீனைப் பக்கத்து கவுண்ட்டியில் பிடித்துவிட்டார்களாம். பிரேக் என்று நினைத்து மிதித்துவிட்டேன், பின்னால் அவர் நிற்பது தெரியாது என்கிறாளாம். ஸ்டோக்ஸ் சொல்வது வேறு: என்னைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினாள், கொலை பண்ணத்தான் பார்த்தாள்.

"கிரிஃபன் போன் பண்ண உள்ளே போய்விட்டாராம், அவர் பார்க்கவில்லை" என்றான் டெபுடி. "மிச்சம் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் எஞ்சினியர், நுணுக்கமாகக் கவனிக்கிறவர் என்று கிரிஃபன் சொன்னார். அவள் திரும்பிப் பார்த்தாளா, மிஸ்டர் பால்துரை?"

இரண்டு வினாடி. வெள்ளை விளக்கு எரிவதற்கு முன்பு முழுசாக இரண்டு வினாடி. அதை அவர் கண்ணை மூடினாலும் பார்க்க முடிந்தது.

"என் கண்ணாடி விழுந்துவிட்டது" என்றார். "கண்ணாடி இல்லாமல் எனக்கு நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. எஞ்சின் சத்தம் கேட்டது. அப்புறம் அவன் கத்தியது கேட்டது. அவ்வளவுதான்."

டெபுடி எழுதிக்கொண்டான். படித்துக் காட்டினான். பால்துரை வலது கையால் கையெழுத்துப் போட்டார். ரிப்போர்ட்டில் போட்ட அதே கையெழுத்து.

சாயங்காலம் ஜெபராணி டிஸ்சார்ஜ் பண்ணி அவரைக் காரில் ஏற்றினாள். ஃப்ரீவேயில் ஏறியதும் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கண்ணாடி கீழே விழுந்திடுச்சுன்னு சொன்னீங்களாமே."

"ஆமா."

"எமர்ஜென்சில உங்க மூஞ்சிலேர்ந்து அதைக் கழட்டினது நான்தாங்க. ஒரு கிளாஸ்லதான் கிராக். இன்னொண்ணு நல்லா இருந்துச்சு."

பால்துரை ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"அவ பாத்தாளா?"

"பாத்தா."

ஜெபராணி சிக்னல் போட்டு லேன் மாறினாள். "என்னை யாரும் கேக்கலை. கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். அது என்னால முடியாது. கேக்காம நானா போய்ச் சொல்லவும் மாட்டேன்." கொஞ்ச தூரம் போனதும், "ரெண்டு தடவை வந்தாங்க அந்த அம்மா. ரெண்டு தடவையும் வைத்தியம் பாத்து, ஒரு நம்பரைக் கையில குடுத்து அனுப்பினேன். அதுக்கு மேல ஒண்ணும் பண்ணலை நான்" என்றாள். அவள் அழுவதைப் பால்துரை அப்போதுதான் கவனித்தார்.

"நானும் பதினோரு பக்கம் எழுதினேன்" என்றார்.

யாரும் ஜெபராணியைக் கேட்கவில்லை. மே மாதம் கிராண்ட் ஜூரி கூடி, லோரீன் மேல் வழக்குப் போட ஆதாரம் போதாது என்று விட்டுவிட்டது. அன்றைக்கே அவள் ஊரை விட்டுப் போய்விட்டாள். ஸ்டோக்ஸ் மேல் பால்துரையை அடித்ததற்கு வழக்கு இருந்தது. விசாரணை இலையுதிர் காலத்தில், அதுவரை ஜாமீன்.

சீசன் ஆரம்பித்த பிறகும் பால்துரை அந்த மைதானத்தின் பக்கம் போகவில்லை. கிரிஃபன் ஒருமுறை போன் பண்ணி, ஸ்டோக்ஸ் இடத்தில் ப்ரெண்டை நிறுத்தலாமா என்று கேட்டார். பால்துரை பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டார். ஜூன் கடைசியில் எமிலியோவிடமிருந்து ஒரு டிக்கெட் வந்தது. தாடைக் கம்பி எடுத்தாகிவிட்டது, அடிபட்ட பிறகு ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு முதல் ஆட்டம், நீங்கள் வர வேண்டும் என்று எழுதியிருந்தான். பால்துரையின் கையிலிருந்து மாவுக்கட்டை எடுத்ததும் அதே வாரம்தான். போனார்.

மூன்றாவது இன்னிங்ஸில் பக்கத்து இருக்கையில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஊன்றுகட்டை பலகையில் இடித்தது. பால்துரை திரும்பிப் பார்த்தார். ஸ்டோக்ஸ் இளைத்துப்போயிருந்தான். வலது மணிக்கட்டில் பல் பதிந்த தழும்பு அரைவட்டமாக இருந்தது.

பால்துரையால் எழுந்திருக்க முடியவில்லை. ஊன்றுகட்டை வழியை அடைத்துக்கொண்டிருந்தது.

"நீ என்னைப் பற்றி எழுதினதைக் கிரிஃபன் எனக்குக் காட்டவே இல்லை" என்றான் ஸ்டோக்ஸ், மைதானத்தைப் பார்த்துக்கொண்டே. "என்ன எழுதினாய்?"

"உன்னைவிட நல்ல ஆள் இந்த லீக்கில் இல்லை என்று."

"உண்மையா?"

"எண்கள் உண்மை."

ஸ்டோக்ஸ் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு ஊன்றுகட்டையைத் தூக்கி, அதன் அடி நுனியைப் பால்துரையின் தொண்டைக்குழியில் வைத்தான். அழுத்தினான். பார்க்கிறவர்களுக்கு இரண்டு நண்பர்கள் விளையாடுவது மாதிரிதான் இருந்திருக்கும்.

"அவள் என்னைப் பார்த்தாள். நீயும் பார்த்தாய். உன் மூக்கின் மேல் கண்ணாடி இருந்தது, நான் உன் கழுத்தைப் பிடித்தபோதுகூட இருந்தது. எங்கே இருக்கிறாள் அவள்?"

"தெரியாது."

"பொய்."

"தெரியாது." குரல் கீச்சென்று வந்தது. மூச்சு அடைத்தது. கட்டையைப் பிடித்துத் தள்ள இடது கையைத் தூக்கினார். புதிதாகச் சேர்ந்த எலும்பில் பலமே இல்லை. கண் இருண்டுகொண்டு வந்தது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன் என்று அவனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல மூச்சில்லை.

மைதானத்தில் மட்டை பந்தில் பட்டது. நல்ல சத்தம். ஸ்டோக்ஸின் தலை தானாகத் திரும்பியது. உயரமான பந்து, சென்டர் ஃபீல்டின் ஆழத்துக்கு. ப்ரெண்ட் ஒரு வினாடி நின்றான். பிறகு ஓடினான், குதிரை மாதிரி ஓடினான். பந்து அவன் கையுறைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்து வேலிக்கு உருண்டது. எமிலியோ வலது பக்கத்திலிருந்து நொண்டிக்கொண்டே வந்து எடுத்து எறிந்தான். அதற்குள் எதிரணியில் இரண்டு பேர் ஓடி முடித்துவிட்டார்கள்.

"முட்டாள்" என்றான் ஸ்டோக்ஸ். "அடிக்கும்போதே கிளம்ப வேண்டாமா?" கட்டை எப்போது தொண்டையிலிருந்து இறங்கியது என்று அவனுக்கே தெரிந்திருக்காது. அவன் முகம் கோணிக்கொண்டு போனது. தன்னுடைய வலது தொடையை முஷ்டியால் குத்தினான். ஒன்று, இரண்டு, மூன்று. முன்வரிசையில் இருந்த கிழவர் ஒருவர் திரும்பிப் பார்க்கும்வரை குத்திக்கொண்டே இருந்தான்.

பால்துரை எழுந்து, பலகைகளைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினார். அவன் பின்னால் வரவில்லை. காரில் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு நேராக வீட்டுக்கு ஓட்டினார்.

வீட்டில் ஜெபராணி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கழுத்தில் இருந்த சிவந்த வட்டத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் அவருடைய மோவாயைத் தூக்கி, தொண்டையை அழுத்திப் பார்த்து, விழுங்கச் சொன்னாள். வலிக்கிறதா என்று கேட்டாள். உடனே ஷெரிஃப் ஆபீஸுக்குப் போன் பண்ணி, ஜாமீனில் இருக்கிறவன் இப்படிச் செய்தான் என்று ஒவ்வொரு வார்த்தையாக அழுத்திச் சொன்னாள்.

போனை வைத்துவிட்டு, "லோரீன் எங்கேன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியாதுல்ல?" என்றாள்.

"தெரியாது."

"நல்லது. எனக்குத் தெரியும். என்னைக் கேக்காதீங்க."

பால்துரை கேட்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தார்.